அட்சரக்கூட்டுக்குள் ஒரு நார்

குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று சிறிதேவி ஒரு சின்ன வெள்ளிக் கூட்டைக் கொண்டுவந்து தகப்பனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“அப்பா, நீங்களே கட்டிவிடுங்கோ. எனக்குக் கட்டினதும் நீங்கள்தானாம். அம்மா சொன்னவ.”

தில்லைநாதன் அதைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார். கட்டைவிரல் நுனியளவு அட்சரக்கூடு, இரண்டு முனையிலும் அரக்கு. பயந்து அழுகிற பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் இடுப்பில் கட்டிவிடுவது. உள்ளே மந்திரம் எழுதிய தகடு இருக்கும். இந்தக் கூட்டுக்குள் தகடு இல்லை. ஒரு மனிதனைத் தூக்கிலிட்ட கயிற்றிலிருந்து உருவிய நார் இருந்தது. உருவியவர் தில்லைநாதன். தூக்கிலிட்டவரும் அவர்தான்.

ஒஸ்லோவின் குரோருட்டில் அந்த நான்காம் மாடி வீடு நிறைய ஆட்கள். வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கறுப்பு நூலைக் குழந்தையின் இடுப்பில் சுற்றினார்.

“ஜெயிலர் ஐயாவுக்குச் சந்தோசத்திலை கை நடுங்குது,” என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது. அவரும் சிரித்தார். முடிச்சு மட்டும் நடுங்காமல் விழுந்தது. கை பழகிய வேலை அப்படி.

அவர் ஜெயிலர் இல்லை. தெற்கே ஒரு சிறைச்சாலையில் காவலாளியாகச் சேர்ந்தவர். சில வருடங்களில் அங்கே அலுகோசு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தூக்குமேடையில் விசையை இழுக்கிறவனுக்கு இலங்கையில் அதுதான் பெயர். பிள்ளைகளை வெருட்டவும் பிடிக்காதவர்களை ஏசவும் ஊரில் அந்தப் பெயரைத்தான் எடுப்பார்கள். யாரும் விண்ணப்பிக்கவில்லை. தில்லைநாதன் விண்ணப்பித்தார். யாரும் அவர் கையைப் பிடித்து எழுதுவிக்கவில்லை. தனி விடுதி தருவார்கள், வேலை எப்போதாவதுதான் வரும், ஊருக்குப் போக லீவு கேட்டால் கிடைக்கும். முப்பது வயதுகூட ஆகாத ஆளுக்கு அது நல்ல உத்தியோகமாகத் தெரிந்தது.

ஊரில் இருந்த மனைவி, “மறியற்சாலையிலை கிளாக்கர்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். பிற்காலத்தில் ஒஸ்லோவுக்கு வந்தபோது மருமகன் பாலேந்திரன் தன் பங்குக்குப் பதவி உயர்வு கொடுத்து ஜெயிலர் ஆக்கினான். தில்லைநாதன் இரண்டையும் மறுக்கவில்லை.

வேலை என்றால் வெறுமனே விசையை இழுப்பது அல்ல. முதல் நாள் கதவு ஓட்டையால் ஆளைப் பார்க்க வேண்டும்: கழுத்து எப்படி, உடம்பு எப்படி. பிறகு நிறை பார்க்க வேண்டும். அதே நிறைக்கு மண் மூட்டை கட்டி, கயிற்றில் ஓர் இரவு தொங்கவிட்டு, கயிற்றின் இழுவையை எடுக்க வேண்டும். சவர்க்காரம் பூசி மெதுவாக்க வேண்டும். பாரமான ஆள் விழக் குறைந்த இறக்கம், மெலிந்தவன் விழக் கூடிய இறக்கம். கணக்குப் பிழைத்தால் கழுத்து முறியாது, ஆள் தொங்கிக்கொண்டே கிடப்பான். தில்லைநாதனுக்குக் கணக்கு வந்தது. காரியம் சுத்தமாக முடிந்த நாட்களில் அவர் பெருமையோடு சாப்பிட உட்கார்ந்தார். வயது போன பிறகு அவரை அதிகம் வெட்கப்படுத்தியது அந்தப் பெருமைதான்.

மற்றக் காவலாளிகள் அவரோடு ஒரு மேசையில் சாப்பிடமாட்டார்கள். ஆனால் பொழுதுபட்டதும் அவர்களில் சிலர் விடுதியின் பின்கதவைத் தட்டுவார்கள். “அண்ணை, ஒரு நார்.” சாவைக் கண்ட கயிறு பிள்ளையை வேறெந்தப் பயமும் அண்டவிடாது என்று நம்பினார்கள். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிகாரிமாரும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கயிற்றைக் களஞ்சியத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டு மூன்று நார் உருவினால் யாருக்குத் தெரியும்? அவர் உருவிக் கொடுத்தார். சாராயம் தந்தவர்களிடம் சாராயம் வாங்கினார், கோழி தந்தவர்களிடம் கோழி வாங்கினார்.

எழுபதுகளின் நடுவில் தூக்கிலிடுவது நின்றுபோனது. பென்சனோடு ஊருக்கு வந்தார். சண்டைக்குள் இடம்பெயர்ந்தார், மனைவியைப் பறிகொடுத்தார், தனியாக நின்றார். ஒரே மகள் நோர்வேக்குக் கூப்பிட்டெடுத்தாள். அந்த வெள்ளிக் கூடு இடப்பெயர்வில் எங்கோ தொலைந்திருக்கும் என்று நம்பி நிம்மதியாக இருந்தவர் அவர். மகள் அதை நாட்டைவிட்டு வெளிக்கிடும்போதே இடுப்பில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

சிறிதேவி முதியோர் இல்லம் ஒன்றில், மறதி நோய்க்காரர்களின் பகுதியில், பதினைந்து வருடமாக வேலை செய்பவள். இரண்டு தரம் கரு கலைந்து, முப்பத்தேழு வயதில் வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளை தர்மிகன். அந்தப் பத்து மாதமும் கூடு அவள் இடுப்பில்தான் கிடந்தது. தையல் ஆறும்வரை பாரம் தூக்கக்கூடாது என்பதால் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தருவது தகப்பனின் வேலையானது. பிள்ளைக்குச் சால்வையைச் சுற்றி, இரண்டு கையையும் கீழே கொடுத்து, தட்டத்தைத் தூக்குவதுபோலத் தூக்குவார். எழுபத்துமூன்று வயதில் அவரை நம்பி யாரும் ஒன்றைக் கையில் கொடுத்தது அதுதான். வீட்டில் தனக்கு ஓர் இடம் உண்டு என்று அவருக்குத் தோன்றியதும் அதனால்தான்.

முப்பத்தொன்று கழிந்த கிழமை பிள்ளையை நிறை பார்க்கக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளைப் பார்க்கிற தாதி இடுப்பு நூலைக் கண்டு என்னவென்று கேட்டாள். சிறிதேவி பெருமையாக விளக்கினாள். தாதி தலையாட்டிவிட்டு, இடுப்பில் இருந்தால் பரவாயில்லை, கழுத்தில் மட்டும் எதையும் கட்டிவிடாதே என்றாள். நூல் எப்படி இறுகும் என்று தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினாள். விரலை வைத்த இடம் பிழை என்று தில்லைநாதனுக்குப் பட்டது. அப்படிப் பட்டதே என்று கூசி, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பாரோ என்னவோ. அந்த மாதங்களில் இலங்கையில் தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ட்வெய்ட்டாக் கடைத்தொகுதி வாங்கில் அவரோடு இருந்து கோப்பி குடிக்கிற சூசைரட்ணத்துக்கு அது நல்ல தீனி.

“ஜெயிலர் ஐயா, அலுகோசுக்கு ஆள் தேடுகினமாம். மனு ஒண்டு போடுவமே? இஞ்சத்தைப் பென்சனோடை அதுவும் வரும்.”

“சும்மா இரும்.”

“ஏன், உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம்தானே? அவங்கள் எல்லாம் என்ன மாதிரி? சோறு தின்னுறவங்களோ?”

“தின்னுவாங்கள்.”

“பிள்ளையளைத் தூக்கிக் கொஞ்சுவாங்களோ?” சூசைரட்ணம் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

தில்லைநாதன் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நாரை எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார். எடுத்துவிட்டுச் சாமித்தட்டிலிருந்து கொஞ்சம் திருநீற்றைப் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.

மறுநாள் சிறிதேவி குளிக்கப் போன நேரம் பார்த்து, கட்டிலில் கிடந்த பிள்ளையின் நூலை அவிழ்த்தார். ஊக்கை விரித்து அரக்கைக் கிளறினார். கண் மங்கல். நார் ஒருவழியாக வெளியே வந்தது. மண்ணிறம், தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு. இத்தனை வருடத்தில் உக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அதுதான் பிழை. ஈரத் தலையோடு மகள் வாசலில் நின்றாள்.

அவள் கண்டது இவ்வளவுதான்: அம்மணமாகப் பிள்ளை, பிள்ளையின் துடைக்குப் பக்கத்தில் விரித்த ஊக்கு, உடைந்த அட்சரக்கூடு, திருநீறு சிந்திய விரிப்பு, நடுவில் தகப்பன்.

“என்ன செய்யிறியள்!”

“துப்புரவாக்கினனான், பிள்ளை.”

“ஊக்கோடையே? பிள்ளைக்குப் பக்கத்திலையே?”

பிள்ளையை வாரி எடுத்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். கோபம் முகத்திலிருந்து கழன்றது. அவர் பயந்தது அந்த முகத்தைக் கண்டுதான். வேலையிடத்தில் அவள் வைத்துக்கொள்ளும் முகம். கடிகாரத்தைக் கழற்றிப் போடுகிறவர்களையும், தலையணையைப் பிய்த்துப் பஞ்செடுக்கிறவர்களையும் பதினைந்து வருடமாகப் பார்த்தவள். அவர் காதுப் பக்கம் குனிந்து, மெதுவாகவும் உரத்தும் சொன்னாள்: “ஒண்டுமில்லை அப்பா. எழும்புங்கோ. தேத்தண்ணி குடிப்பம்.”

அடுத்த கிழமை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் நோர்வே மொழியில் கேட்க, மகள் தமிழில் சொன்னாள். மணிக்கூடு வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். தில்லைநாதன் பென்சிலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். சரியாகச் செய்தால், பிறகு ஏன் கூட்டை உடைத்தாய் என்ற கேள்வி வரும். பிழையாகச் செய்தால் வராது. மணிக்கூட்டின் எல்லா எண்களையும் ஒரு பக்கத்தில் நெரித்து எழுதினார். கழித்தலில் தொண்ணூறு என்றார், பிறகு மறந்துவிட்டது என்றார். நோயாளிகள் எப்படிப் பிழைவிடுவார்கள் என்று மகள் சாப்பாட்டு மேசையில் சொன்ன கதைகள் அவருக்கு உதவின. அவள் சொல்லித் தந்ததை வைத்தே அவளை ஏமாற்றினார். டொக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். சிறிதேவி ரயிலில் வீடு வரும்வரை அவர் கையை விடவேயில்லை.

வீட்டில் அதன்பிறகு சோற்றைக் குழைத்து வைத்தாள். கறியிலிருந்து எலும்பை எடுத்தாள். அடுப்புக் குமிழ்களைக் கழற்றி ஒளித்தாள். பிள்ளையை அவர் கையில் கொடுக்கவில்லை. தையல் இழுக்க இழுக்கத் தானே தூக்கினாள். சமையலறையில் தொலைபேசியில் யாரிடமோ, “அப்பாவுக்கும் வந்திட்டுது,” என்று சொல்லி அழுததை அவர் கேட்டார்.

இவ்வளவுக்கும் பலன் இருந்திருந்தால் பொறுத்திருப்பார். பிள்ளையின் உடுப்பு மாற்றும்போது ஒருநாள் கண்டார், இடுப்பில் புது நூல். அதே கூடு. முனைகளில் மெழுகுதிரி மெழுகு.

“அதுக்குள்ளை என்ன வைச்சனி?”

“நீங்கள் கழட்டின அந்தக் கோயில் நூலைத்தான் அப்பா. கட்டில்லை கிடந்தது. கும்பிட்டிட்டுத் திரும்ப வைச்சிட்டன். பயப்பிடாதேங்கோ.”

அன்று மத்தியானம் பாலேந்திரனும் வீட்டில் நின்றான். பஸ் ஓட்டிவிட்டு வந்த உடுப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிறிதேவி தகப்பனின் முன்னால் குழைத்த சோற்றை வைத்து, கரண்டியையும் கையில் எடுத்தாள்.

“பிள்ளை, எனக்கு மறதி இல்லை.”

“ஓம் அப்பா, இல்லைத்தான்.” அதே குரல்.

“தொண்ணூத்திமூண்டு. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. அறுபத்தைஞ்சு.”

கரண்டி நின்றது. “அப்ப, டொக்டரிட்டை?”

“நடிச்சனான்.”

“மாமா,” என்றான் பாலேந்திரன், “நல்லாத்தான் நடிச்சிருக்கிறியள். ஏன்?”

“நான் ஜெயிலர் இல்லை. கிளாக்கரும் இல்லை. அலுகோசு.”

“ஏன் உங்களை நீங்களே ஏசுறியள்?” என்றாள் மகள்.

“ஏசேல்லை, பிள்ளை. அதுதான் என்ரை வேலை. மேடையிலை ஆக்களைக் கொண்டந்து நிப்பாட்டினா நான்தான் கயிறு போடுறது. அந்தக் கூட்டுக்குள்ளை இருக்கிறது கோயில் நூல் இல்லை. அந்தக் கயித்து நார்.”

பாலேந்திரன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான். “மாமா, இதை வெளியிலை ஒருத்தரிட்டையும் வாய் விட்டிடாதேங்கோ. சங்கக் கூட்டத்திலை மைக்கிலை சொன்னனான், ஓய்வுபெற்ற ஜெயிலர் எண்டு. பொன்னாடையும் போத்தினவங்கள்.”

“இஞ்சாருங்கோ, கொஞ்ச நேரம் வாயை மூடுங்கோ.” சிறிதேவி தகப்பனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அம்மாவுக்குத் தெரியுமே?”

“தெரியும். கூடு செய்விச்சதே அவதான்.”

“ஆரின்ரை கயிறு?”

இதற்கு மறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் மறதி இல்லை என்று இப்போதுதான் காட்டி முடித்திருந்தார்.

“யேசுரட்ணம் எண்டு ஒரு பெடியன். நீர்கொழும்புப் பக்கம், கடலுக்குப் போறவன். உனக்கு ரெண்டு வயசு. வலிப்பு வந்து கிடக்கிறாய் எண்டு தந்தி வந்தது. வேலையை முடிச்சிட்டுத்தான் போகலாம் எண்டிட்டினம். தராசு பூட்டிக் கிடந்தது. திறப்புக்காரன் விடியத்தான் வருவான். பாத்துக்கொண்டிருந்தா ஊர் ரெயின் போயிடும். அவன் மறியலுக்கு வந்த நேரம் எடுத்த நிறை ஒண்டு இருந்தது. அதை வைச்சுக் கணக்குப் பாத்தனான்.”

“சரி, அதிலை என்ன?” என்றான் பாலேந்திரன்.

“மாசக் கணக்கா உள்ளுக்கை இருந்தவன், சாப்பாடு இறங்காமல் மெலிஞ்சிட்டான். கதவு ஓட்டையாலை பாத்தனான். மெலிஞ்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பழைய நிறைக்குத்தான் இறக்கம் விட்டனான்.” தில்லைநாதன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முகத்தை மூடித் தொப்பி போடேக்கை, ‘அண்ணை, கெதியா முடிச்சுப்போடுங்கோ’ எண்டவன்.”

“கெதியா முடிஞ்சுதே?”

“இல்லை.”

சாகிறவர்களின் பக்கத்தில் இருந்து பழகிய பெண் அவள். கடைசி மூச்சு எப்படியெல்லாம் இழுபடும் என்று யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் மேற்கொண்டு அதைக் கேட்கவில்லை.

“அந்தக் கயித்திலையே எனக்கு எடுத்தியள்?”

“அண்டைக்கு இருந்த கயிறு அதுதான். அவன் தொங்கேக்கையே எனக்கு ரெயின் நினைவு. இறக்கினவுடனை நாரை உருவிக்கொண்டு ஓடினனான். உனக்கு வலிப்பு நிண்டிட்டுது. நான் சந்தோசப்பட்டனான்.”

சிறிதேவி எழும்பிப் போய்ச் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். தொட்டிலில் நித்திரையாய்க் கிடந்த பிள்ளையின் உடுப்பை விலக்கி நூலை வெட்டினாள். கூட்டைக் கொண்டுவந்து தகப்பனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதைச் சாமித்தட்டிலையும் வைக்கேலாது. குப்பையிலையும் போடேலாது. உங்கடை சாமான். நீங்களே வைச்சிருங்கோ.”

“முப்பத்தைஞ்சு வருசமா வைச்சிருந்தனான். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலையும் இதைப் பிடிச்சுக்கொண்டுதான் முருகனைக் கூப்பிட்டனான்,” என்றாள். பிறகு அவர் முன்னால் இருந்த குழைத்த சோற்றை எடுத்துக்கொண்டு போய், எலும்போடு கறி போட்ட வேறு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எழுதியதை நிற்பாட்டச் சொல்லி டொக்டருக்கு அறிவித்தாள். அடுப்புக் குமிழ்கள் திரும்பி வந்தன. நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, தோய்த்த உடுப்பு, எதிலும் குறையில்லை. காதுப் பக்கம் குனிந்து பேசுவதும் நின்றது. பிள்ளை மட்டும் அவர் கைக்கு வரவில்லை. அவர் அறைக்குள் வந்தால் அவள் பிள்ளையோடு எழும்பி மற்ற அறைக்குப் போனாள். முறைப்பாடு சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை. தேத்தண்ணிக் கோப்பையை அவர் எடுக்கும்போதெல்லாம் அவள் பார்வை அவர் விரல்களில் நிற்பதைக் கண்டார். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளப் பழகினார்.

கிழமைகள் போயின. சிறிதேவிக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க நாள் கொடுத்திருந்தார்கள். பாலேந்திரனுக்கு அன்றைக்கு விடியவே பஸ். பிள்ளையை வைத்திருக்க வருவதாகச் சொன்ன, ரொம்மனில் இருக்கிற சிநேகிதிக்குக் காய்ச்சல். அதற்கு முதல் நாள் காலை அவள் சமையலறை மேசையில் பிள்ளையின் குளியல் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். அவளுடைய முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்கு வந்தவர்களை நோயாளிகள் யாரிடமும் தனியே விடமாட்டார்கள். பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க, முதலில் ஒருவரைக் கழுவிக் காட்ட வேண்டும்.

“அப்பா, வாங்கோ. பிள்ளையைக் குளிப்பாட்டுங்கோ. நான் பக்கத்திலை நிக்கிறன்.”

“வேண்டாம் பிள்ளை. என்ரை கை—”

“கையைக் கழுவுங்கோ. முழங்கை மட்டும்.”

கழுவினார். அவள் பிள்ளையை உடுப்பில்லாமல் கொண்டுவந்து தந்தாள். சால்வை இல்லை.

“தலையை விட்டிடாதேங்கோ. இடது கையைப் பின்னங்கழுத்துக்குக் கீழை குடுங்கோ.”

அவர் இதுவரை அந்தக் கழுத்தைத் தொட்டதில்லை. கையைக் கொடுத்தார். சூடாகவும் வழுக்கலாகவும் இருந்தது. எலும்பு எந்த இடத்தில் எந்த எலும்போடு பொருந்துகிறது என்று விரல்கள் கேளாமலே தேடிக் கண்டுபிடித்தன. அவர் முகம் கொதித்தது. மகளுக்கு அது தெரிந்திருக்குமோ என்று நிமிர்ந்து பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை விளக்கைப் பார்த்துக் காலை உதைத்தது, மேசையெல்லாம் தண்ணீர்.

“இறுக்காதேங்கோ.”

“இல்லைப் பிள்ளை.”

“விடவும் வேண்டாம். உப்பிடியே வைச்சிருங்கோ. கழுத்து மடிப்பைத் துடையுங்கோ. பால் வடிஞ்சு நிண்டாப் புண்ணாகும்.”

துணியை நனைத்து, பிழிந்து, துடைத்தார்.

“மற்றப் பக்கமும்,” என்றாள் சிறிதேவி.